ஒரே பிளக்கில் பல சாமான்: யாழ்ப்பாண வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்தில் வீட்டு வயறிங் வேலை செய்பவன் நான். வேலைக்குப் போகிற வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கையில் பிடித்துச் செருகும், முள் உள்ள பகுதியைப் பிளக் டொப் என்றும், சுவரில் பூட்டியிருப்பதைப் பிளக் பேஸ் என்றும் சொல்கிறேன். கடையிலும் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

ஒரு பிளக் பேஸில எத்தனை சாமான் போடலாம்?

எண்ணிக்கையை விடுங்கள், வாற்றைக் கூட்டுங்கள். ஒவ்வொரு சாமானின் அடியிலோ முதுகிலோ உள்ள சிறு தகட்டில் எத்தனை வாற்று என்று போட்டிருக்கும். எங்கள் கரண்ட் 230 வோல்ற்று. சதுர முள் பிளக் 13 அம்பியருக்குச் செய்தது. பெருக்கினால் 2990, அதாவது ஏறக்குறைய 3000 வாற்று. பழைய வீடுகளில் இருக்கும் சின்ன வட்ட முள் பேஸ் 5 அம்பியர். அதில் 1150 வாற்றுக்கு மேல் போகக்கூடாது. பெரிய வட்ட முள் 15 அம்பியர், 3450 வாற்று.

போன் சார்ஜர் 10 முதல் 20 வாற்று, றவுட்டர் 10 வாற்று, எல்ஈடி பல்ப் 9 வாற்று, மேசைக் காற்றாடி 50 முதல் 60 வாற்று, சிறிய ரிவி 50 வாற்று வரும். இவை எல்லாம் சேர்ந்தாலும் 200 வாற்றைத் தாண்டுவது கடினம். நல்ல மல்ரி பிளக் ஒன்றில் தாராளமாகப் போடலாம்.

சூடாக்கும் சாமான்களின் கதை வேறு. கேத்தில் 1500 முதல் 2200, அயன்பொக்ஸ் 1000 முதல் 1200, றைஸ் குக்கர் 500 முதல் 700 வாற்று. சூடு தருகிற சாமான் எதுவானாலும் அதற்கென்று சுவரில் தனிப் பேஸ் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இரட்டைப் பேஸ் என்றால் இரண்டு மடங்கு தாங்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டு ஓட்டைக்கும் பின்னால் போவது ஒரே வயர்தான். அது 26 அம்பியர் தாங்காது. கேத்திலையும் அயன்பொக்ஸையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள்.

கூடினால் பியூஸ் போகுந்தானே? பிறகேன் பயப்பட வேணும்?

இந்த நம்பிக்கையால்தான் கருகிய பேஸ்களை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கிறது. 13 அம்பியர் பியூஸ், 13ஐத் தாண்டியதும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரித்தானியத் தரத்தில் செய்த பிளக் பியூஸ், தன் அளவைப்போல 1.6 மடங்கை, அதாவது ஏறக்குறைய 21 அம்பியரை, குறைந்தது அரை மணித்தியாலம் தாங்க வேண்டும் என்பதே விதி. 1.9 மடங்கு, கிட்டத்தட்ட 25 அம்பியர் போனால்தான் அரை மணித்தியாலத்துக்குள் போக வேண்டும்.

இப்போது காலைக் குசினியைப் பாருங்கள். மல்ரி பிளக் ஒன்றில் 2000 வாற்றுக் கேத்தில், 700 வாற்று றைஸ் குக்கர், பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கு 1200 வாற்று அயன்பொக்ஸ். மொத்தம் 3900 வாற்று, 17 அம்பியர். பியூஸ் போகாது, கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் விழும் ட்ரிப் சுவிச்சும் விழாது. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றே தோன்றும். பிளக்கின் முள்ளும் பேஸின் உள்ளே அதைப் பிடிக்கிற பித்தளைத் தகடும் மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும். சூடேறிய தகட்டின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் இன்னும் சூடேறும். மாதக்கணக்காக இப்படி நடந்து, ஒருநாள் பிளாஸ்ரிக் உருகும் மணம் வரும்.

வயர் பற்றாமல் காப்பது பியூஸின் வேலை. சாமானையோ மனிதரையோ அது காப்பதில்லை. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கு இதுதான் அடிப்படை.

ஒரே பிளக் டொப்புக்குள்ள ரெண்டு சாமானின்ர வயரையும் சேர்த்துப் பூட்டலாமோ?

வேண்டாம். அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, ஆகவே காரணத்தையும் விரிவாகச் சொல்கிறேன்.

பிளக் டொப்பைத் திறந்தால், வயர் உள்ளே வரும் வாயில் இரண்டு சின்னத் திருகாணியுடன் ஒரு பட்டை இருக்கும். வயரின் வெளித்தோலை இறுக்கிப் பிடிப்பதற்கு அது. ஒரு வட்ட வயருக்கு அளவாகச் செய்தது. இரண்டு வயரை விட்டால் ஒன்று இறுகும், மற்றது நழுவும். சிலர் பட்டையையே கழற்றி எறிந்துவிடுவார்கள். அதன் பிறகு யாராவது வயரில் கால் தடக்கினால், இழுவை முழுவதும் உள்ளே இருக்கும் செப்பு இழைகளுக்குப் போகும்.

உள்ளே உள்ள திருகாணிக்கும் அதே பிரச்சினை. தடித்த வயரையும் மெல்லிய வயரையும் ஒரே ஓட்டையில் விட்டு இறுக்கும்போது திருகாணி தடித்ததன் மேல் உட்காரும். மெல்லியது சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். தொட்டும் தொடாமலும் இருக்கிற இணைப்பில் பொறி பறக்கும். வெளியே நழுவிய ஒரு மெல்லிய இழை பக்கத்து முனையைத் தொட்டாலே போதும்.

மூன்றாவது, பியூஸ். இரண்டு சாமானுக்கும் சேர்த்து என்று 13 அம்பியர் பியூஸ் போட்டு வைப்பீர்கள். காற்றாடியின் மெல்லிய வயர் 3 அம்பியர்தான் தாங்கும். அந்தக் காற்றாடிக்குள் ஏதோ பழுதாகி 8, 10 அம்பியர் இழுத்தால் பியூஸ் அசையாது, வயர்தான் பற்றும்.

அப்ப ரெண்டு சின்னச் சாமானுக்கு ஒரு பிளக்தான் வசதி எண்டால் என்ன செய்யிறது?

பெரும்பாலான வீடுகளுக்கு, பியூஸ் உள்ள நல்ல மல்ரி பிளக் ஒன்றே போதும். ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்கப்போகிறவை என்றால், உதாரணமாகச் சுவாமி அறையில் படத்துக்கு மேலே ஒரு எல்ஈடி விளக்கும் பக்கத்தில் இன்னொரு சிறு அலங்கார விளக்கும், சந்திப்புப் பெட்டி வைத்துச் செய்யலாம்.

பிளக் டொப்பிலிருந்து ஒரே ஒரு வயர், 1.0 சதுர மில்லிமீற்றர் மூன்று கோர் (உள்ளே மூன்று தனி வயர் உள்ளது), பெட்டிக்கு வரட்டும். பெட்டி மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி. சுவரில் திருகாணியால் பூட்ட வேண்டும், தரையில் கிடக்க விடக்கூடாது. உள்ளே திருகாணி உள்ள கொனெக்ரர். லைவுக்கு (கரண்ட் வரும் வயர்) ஒரு அறை, நியூற்றலுக்கு (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) ஒன்று, ஏர்த்துக்கு (நிலத்துக்குப் போகும் வயர்) ஒன்று. அதிலிருந்து இரண்டு வயர் இரண்டு விளக்குக்கும் போகும். வயர் நுழையும் ஓட்டைகளில் றப்பர் வளையம் போடுங்கள். ஒவ்வொரு வயரையும் இழுத்தாலும் திருகாணிக்கு இழுவை போகாதபடி பிடிப்புக் கொடுங்கள். கடைசியாக, பிளக் டொப்பில் 3 அம்பியர் பியூஸ். 3 அம்பியர் என்றால் 690 வாற்று. இரண்டு விளக்குக்கு வேண்டியதை விட எவ்வளவோ அதிகம். பெட்டியிலிருந்து போகும் மிக மெல்லிய வயரும் அந்தப் பியூஸின் காவலுக்குள் வந்துவிடும்.

வயரை முறுக்கிச் சுற்றி ரேப் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட ஊர் இது. கார் பற்றரி, டைனமோ வயர்களைக் கையால் முறுக்கியே எல்லாம் நடந்தது. அந்தக் கைப்பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. டைனமோ தருவது 6 வோல்ற்று. அது ஆளை அடிக்காது. 230 வோல்ற்று உயிரை எடுக்கும். எங்கள் வெயிலுக்கு ரேப்பின் பசை இளகி, ஒரு கோடை முடிவதற்குள் தானாகப் பிரிந்துவிடும்.

3 அம்பியர் பியூஸ் எதுக்கு, 13 எதுக்கு?

மிக மெல்லிய வயரைப் பார்த்துப் பியூஸ் போடுங்கள். வயரின் தோலிலேயே அளவு அச்சிட்டிருக்கும். 0.5 சதுர மில்லிமீற்றர் 3 அம்பியர் தாங்கும், 0.75 என்றால் 6, 1.0 என்றால் 10, 1.25 என்றால் 13, 1.5 என்றால் 16 அம்பியர். பாய்க்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே, சுருட்டிக் கட்டியபடி என்றால் இதைவிடக் குறையும், சூடு வெளியே போக வழி இல்லாததால்.

சிவப்பு எழுத்துள்ள 3 அம்பியர் பியூஸ் விளக்கு, காற்றாடி, ரிவி, றேடியோவுக்கு. மண்ணிற எழுத்துள்ள 13 அம்பியர் பியூஸ் கேத்திலுக்கும் அயன்பொக்ஸுக்கும். புதிதாக வாங்கும் பிளக் டொப்பில் அனேகமாக 13தான் இருக்கும். மேசை விளக்குக்குப் பூட்டும்போது அதை எடுத்துவிட்டு 3 போடுங்கள். பியூஸ் போனால் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடுவதைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் பியூஸ் என்ற ஒன்று இல்லாமலே சாமான் ஓடுகிறது.

எந்த நிற வயர் எந்த முனைக்கு?

மூடியைக் கழற்றி, வயர் நுழையும் வாய் கீழே இருக்கும்படி பிடியுங்கள். மேலே ஏர்த், பச்சையில் மஞ்சள் கோடு. வலப்பக்கம், பியூஸ் உள்ள பக்கம், லைவ், மண்ணிறம். இடப்பக்கம் நியூற்றல், நீலம். பழைய வயர்களில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல், பச்சை ஏர்த்.

கவனிக்க வேண்டியது கனடாவிலிருந்து வரும் வயர்களை. அங்கே கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூற்றல். இங்கே பழைய வீட்டு வயறிங்கில் கறுப்பு நியூற்றல். நிறத்தை நம்பிப் பூட்டினால் இரண்டும் மாறிப்போகும். மாறினாலும் சாமான் வேலை செய்யும், ஆனால் சுவிச்சை நிறுத்திய பிறகும் உள்ளே லைவ் இருக்கும்.

ஏர்த் வயரை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது இழுத்து வயர் கழன்றால், ஏர்த் கடைசியாகக் கழல வேண்டும். இழைகளின் நுனிக்கு ஈயம் ஒற்றிக் கெட்டியாக்க வேண்டாம். ஈயம் திருகாணியின் அழுத்தத்தில் மெல்ல நசிந்து, இறுக்கிய இணைப்பு தளர்ந்துவிடும்.

ரெண்டு முள் பிளக்கைப் பேனையால குத்திச் சதுர பேஸில விடுறம். பிழையோ?

பிழை. ஜேர்மனி, பிரான்ஸ், நோர்வே, சுவிஸ் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதோ ஒரு நாட்டுப் பிளக் வருகிறது. சதுரப் பேஸின் மேல் ஓட்டைக்குள் ஏர்த் முள் போனால்தான் கீழே உள்ள இரண்டு வாய்களின் கதவும் திறக்கும். பிள்ளைகள் ஊசி, ஆணி விடாமல் இருக்கச் செய்த காவல் அது. அதைப் பேனை மூடியால் தள்ளித் திறந்து இரண்டு வட்ட முள்ளைச் செருகுகிறோம். வட்ட முள் சதுரத் தகட்டில் ஓரமாக மட்டும் தொடும். முடி உலர்த்தி போன்ற 1500 வாற்றுச் சாமானை இப்படிப் போட்டுவிட்டு, பிறகு முள்ளைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். கதவின் வில்லும் நாளடைவில் உடைந்து, வாய் எந்நேரமும் திறந்தே கிடக்கும். பிள்ளை தவழும் வீட்டில் இதை நினைக்கவே எனக்குப் பயம்.

பியூஸ் உள்ள மாற்றுப் பிளக் வாங்குங்கள், அல்லது பிளக் டொப்பை வெட்டிவிட்டுச் சதுர முள் பூட்டுங்கள். லண்டனிலிருந்து வந்த சாமானின் பிளக் எங்களுடையதேதான். அதில் கைவைக்க வேண்டியதில்லை.

கனடாவில இருந்து அக்கா கொண்டுவந்த கேத்திலை இங்க போடலாமோ?

தகட்டில் 120 வோல்ற்று என்று மட்டும் இருந்தால் போடவே கூடாது. இரண்டு மடங்கு வோல்ற்றுக் கொடுத்தால் கம்பிச்சுருள் நான்கு மடங்கு சூடேறும். 100 முதல் 240 என்று இருந்தால் பயமில்லை; போன், மடிக்கணினி சார்ஜர்கள் அப்படித்தான் இருக்கும். அக்கா ஆசையாகக் கொண்டுவந்ததுதான், இருந்தாலும் கேத்திலை இங்கேயே புதிதாக வாங்குங்கள். அதற்கு ஏற்றபடி வோல்ற்றைக் குறைக்கும் பெரிய மாற்றிப் பெட்டி கேத்திலை விட விலை.

மல்ரி பிளக் வாங்கேக்க எதைப் பார்க்கிறது?

முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். உள்ளே நல்ல பித்தளையும் செம்பும் இருந்தால் பாரம் தெரியும். வயர் தோலில் 1.25 அல்லது 1.5 என்று அச்சிட்டிருக்க வேண்டும், 0.75 வயரைப் பூட்டிவிட்டு மேலே 13 அம்பியர் என்று ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளக் டொப்பில் பியூஸ் இருக்க வேண்டும். எல்லா வாயிலும் ஏர்த் தகடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த நாட்டுப் பிளக்கும் நுழையும் வாயுள்ளவை எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. அவற்றை நான் வீட்டுக்குச் சிபாரிசு செய்வதில்லை.

ஒரு மல்ரி பிளக்கில் இன்னொன்றைச் செருகக்கூடாது. எத்தனை தொடுத்தாலும் முதல் பிளக்கின் 13 அம்பியர் அப்படியேதான் இருக்கும், சூடேறும் இணைப்புகள்தான் கூடும். உருளையில் சுற்றிய நீள வயர் என்றால் முழுவதையும் அவிழ்த்துவிட்டுப் பாவியுங்கள்.

கிணத்து மோட்டருக்கும் பிறிஜ்ஜுக்கும் ஒரே லைன் குடுக்கலாமோ?

மோட்டர் ஓடத் தொடங்கும் நொடியில் வழமையான அளவைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒரு குதிரைவலு மோட்டர் 746 வாற்று வேலை தரும். அதற்கு உள்ளே எடுப்பது 1000 வாற்றுக்கு மேல். கிணற்று மோட்டருக்கு மெயின் போர்ட்டிலிருந்து தனி வயரும், சுமை கூடினால் தானாக விழும் தனி பிரேக்கரும் வேண்டும். பிறிஜ்ஜுக்குத் தனிப் பேஸ் போதும்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது, கரண்ட் திரும்பி வரும் நொடியில்தான் பல பிளக்குகள் கருகின. பிறிஜ், காற்றாடி, நிறுத்த மறந்த அயன்பொக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். கரண்ட் நின்றால் சூடாக்கும் சாமான்களின் சுவிச்சை உடனே நிறுத்திவிடுங்கள்.

ஏர்த் இல்லாமலும் எல்லாம் வேலை செய்யுது. பிறகேன் அது?

மின்சார சபை வீட்டுக்குக் கொண்டுவருவது லைவும் நியூற்றலும். ஏர்த் எங்கள் வளவுக்குள் நாங்கள் அடிக்கும் கம்பி. யாழ்ப்பாணத்தில் மேல் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்து கிடக்கும்போது கம்பியைச் சுற்றிய மண்ணின் தடை ஏறும். தடை 50 ஓம் என்று வையுங்கள். றைஸ் குக்கரின் உடம்பில் லைவ் பட்டால், 230ஐ 50ஆல் வகுத்து 4.6 அம்பியர்தான் நிலத்துக்குப் போகும். 13 அம்பியர் பியூஸ் அதைக் கவனிக்காது. குக்கரின் உடம்பு லைவாகவே நிற்கும்.

அந்த இடத்தில் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிச். லைவில் போனதும் நியூற்றலில் திரும்பியதும் 30 மில்லி அம்பியர் வித்தியாசப்பட்டாலே, அதாவது 0.03 அம்பியருக்கே, விழுந்துவிடும். ஏர்த் வயர் இருந்தால் பழுது வந்த உடனே விழும். ஏர்த் இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை காத்திருக்கும். ஆகவே இரண்டும் வேண்டும். சுமை கூடினால் ட்ரிப் சுவிச் விழாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது பிரேக்கரின் வேலை.

ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்று அதை விலக்கி நேரே வயர் கொடுக்கச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். செய்ய மாட்டேன். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். விழவைக்கும் சாமான் தானாகத் தெரியும். சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

இரட்டைக் காப்புள்ள சாமான்களுக்கு, தகட்டில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருக்கும், இரண்டு கோர் வயர்தான் வரும். அவற்றுக்கு ஏர்த் தேவையில்லை.

எங்கட வீடு குருநகரில. பேஸ் எல்லாம் பச்சை பிடிக்குது.

உப்புக்காற்றின் வேலை. பாசையூர், தீவுப்பகுதி எல்லாம் இப்படித்தான். பித்தளைத் தகட்டில் பச்சைப் படிவு ஏறினால் தொடுகை குறைந்து, குறைந்த சுமைக்கே சூடேறும். கடற்பக்க யன்னலுக்கு நேரே பேஸ் வைக்காதீர்கள். பச்சை பிடித்ததைச் சுரண்டித் துப்புரவாக்கித் திரும்பப் பூட்டுவதில் பயனில்லை, பேஸையே மாற்றுங்கள்.

பிளக் சூடாகுது. எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை?

இளஞ்சூடு கேத்திலுக்கு வழமை. கையை வைத்துக்கொண்டிருக்க முடியாத சூடு, மஞ்சளாகவோ மண்ணிறமாகவோ மாறிய பிளாஸ்ரிக், சரசரவென்ற சத்தம், மீன் வாடை போன்ற மணம், இவற்றில் எது இருந்தாலும் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். கருகிய பேஸில் புதுப் பிளக் டொப்பைச் செருகினால் அந்தப் பிளக்கும் கருகும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆளுக்குக் கரண்ட் பிடித்தால் முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள், ஆளைக் கையால் தொட வேண்டாம். உடனே 1990க்கு, அம்புலன்ஸுக்கு, அழையுங்கள்.

இதுகளை நாங்களே செய்யலாமோ?

பிளக் டொப் மாற்றலாம், பியூஸ் மாற்றலாம், மேலே சொன்ன சந்திப்புப் பெட்டியைக் கைப்பழக்கம் உள்ளவர் செய்யலாம். சுவர்ப் பேஸ், மெயின் போர்ட், ஏர்த் கம்பி என்றால் சான்றிதழ் உள்ள இலக்ரீசியனைக் கூப்பிடுங்கள். வட்ட முள் பேஸ்கள் இருக்கும் வீட்டில் அவர் வரும் நாளிலேயே சதுரத்துக்கு மாற்றிவிடலாம். நாட்டின் தரமும் இப்போது 13 அம்பியர் சதுர முள்தான்.

திறக்கும் முன் பிளக்கை வெளியே எடுங்கள், சுவிச்சை மட்டும் நம்ப வேண்டாம். ரெஸ்ரர் வைத்துப் பார்ப்பவர்கள், முதலில் லைவ் இருப்பது நிச்சயமான ஒரு பேஸில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். பிறகு திரும்பவும் அந்த முதல் பேஸில் வையுங்கள். இடையில் ரெஸ்ரர் பழுதாகியிருந்தால் அப்போதுதான் தெரியவரும்.